கோல்ஃப் கொடுத்ததும் கடன் வாங்கியதும்

ஆங்கிலச் செய்தியைத் தமிழில் எழுதும் மேசையில் உட்கார்ந்தவர்களுக்குக் கோல்ஃப் சொற்கள் புதிதல்ல. மேலவையில் ஒரு மசோதா 'ஸ்டைமி' ஆகிவிட்டது என்று ஒரு செய்தி வரும். தேர்தல் நேரத்துக் கட்சித் தாவல் 'பார் ஃபார் த கோர்ஸ்' என்று ஒரு தலையங்கம் சொல்லும். விளையாட்டுப் பக்கத்திலோ, கடைசி நாலு ஓவரில் பேட்ஸ்மேன் 'டீ ஆஃப்' செய்தார் என்றிருக்கும். எழுதியவர் கோல்ஃப் மைதானத்தை வெளியிலிருந்துகூடப் பார்த்திராதவராக இருக்கலாம். ஆனாலும் சொல் கூப்பிட்டவுடன் வந்து நிற்கிறது.

இந்த விளையாட்டு ஆங்கிலத்துக்கு உண்மையில் எவ்வளவு கொடுத்தது? ஆங்கிலம் கற்பிக்கும் புத்தகங்களில் 'கோல்ஃபிலிருந்து வந்த மரபுத்தொடர்கள்' என்று நீண்ட பட்டியல் போடுகிறார்கள். எது எப்போது புழக்கத்துக்கு வந்தது என்று பார்த்துச் சலித்தால் பலதும் சல்லடையில் தங்குவதில்லை. அவை கோல்ஃபே வேறு இடத்திலிருந்து கடன் வாங்கியவை. மிஞ்சுவது ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடியிலும் ஒரு விசித்திரம் உண்டு. பெரும்பாலும் மாட்டிக்கொள்வது, கோட்டை விடுவது, அதிர்ஷ்டம் காலை வாருவது, இன்னொரு வாய்ப்புக் கேட்பது ஆகியவற்றைப் பற்றிய சொற்கள்தான் அதில் இருக்கின்றன. இந்த ஆட்டத்தின் வெற்றிச் சொற்கள் மைதானத்தை விட்டு வெளியே வரவே இல்லை.

ஆட்டத்தை அறியாதவர்களுக்கு நாலு வரி. முழு மைதானம் என்றால் பதினெட்டுக் குழிகள். ஒவ்வொரு குழிக்கும் பந்தை அடிக்கத் தொடங்கும் இடம் 'டீ'. நடுவில் வெட்டிவிட்ட புல்வெளி 'ஃபேர்வே'. இருபக்கமும் வளரவிட்ட புல் 'ரஃப்'. வழியில் மணற்பள்ளங்கள் 'பங்கர்'. கடைசியில் குழியைச் சுற்றி வழவழவென்று மழித்த தரை 'கிரீன்'. ஒரு குழிக்கு இத்தனை அடி என்று வகுத்த கணக்கு 'பார்'. குறைந்த அடிகளில் முடிப்பவர் கெட்டிக்காரர்.

கோல்ஃப் ஆங்கிலத்துக்குக் கொடுத்தவற்றில் அசல் சரக்கு எது என்று கேட்டால் என் ஓட்டு 'ஸ்டைமி'க்குத்தான். கிரீனில் என் பந்துக்கும் குழிக்கும் நேர்கோட்டில் எதிராளியின் பந்து வந்து உட்கார்ந்துவிடுகிறது. இன்றைக்கென்றால் அவர் ஒரு நாணயத்தை அடையாளம் வைத்துவிட்டுப் பந்தை எடுத்துக்கொள்வார். ஒருவருக்கொருவர் மோதும் ஆட்டத்தில் பழைய விதி அப்படி விடாது. இரண்டு பந்துகளுக்கும் இடைவெளி ஆறு அங்குலத்துக்குள் இருந்தால்தான் எடுக்கலாம். இல்லையென்றால் பந்து கிடந்த இடத்திலேயே கிடக்கும். நான் சுற்றி வளைத்து உருட்ட வேண்டும், அல்லது சாய்ந்த முகமுள்ள மட்டையால் எதிராளியின் பந்துக்கு மேலே தூக்கிப் போட வேண்டும். இந்த ஆறு அங்குலத் தகராறைத் தீர்ப்பதற்கென்றே பல கிளப்புகளில் மதிப்பெண் அட்டையை ஆறு அங்குல அளவில் அச்சடித்தார்கள். அட்டையைத் தரையில் வைத்து அளந்துகொள்ளலாம்.

1930இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த பிரிட்டிஷ் அமெச்சூர் போட்டியில் இதன் கொடுமை உலகத்துக்கே தெரிந்தது. அமெரிக்காவின் பாபி ஜோன்ஸும் இங்கிலாந்தின் சிரில் டாலியும் பதினெட்டுக் குழிகளிலும் சமமாக முடித்தார்கள். பத்தொன்பதாவதில் ஜோன்ஸின் பந்து உருண்டு போய் டாலியின் வழியை மறித்து நின்றது. டாலியால் தாண்ட முடியவில்லை, ஆட்டம் முடிந்தது. ஜோன்ஸ் அந்தக் கோப்பையோடு அதே ஆண்டின் மற்ற மூன்று பெரிய பட்டங்களையும் வென்றார். அந்தப் பந்து ஓரிரு அங்குலம் விலகி நின்றிருந்தால் கோல்ஃப் வரலாற்றின் மிகப் பெரிய சாதனை நடந்தே இருக்காது என்று சொல்வதில் மிகையில்லை.

தமிழில் நாம் இதற்கு 'முட்டுக்கட்டை' என்று எழுதிவிட்டுப் போகிறோம். தேர்ச் சக்கரத்துக்குக் கொடுக்கும் கட்டை அது. ஒருவர் வேண்டுமென்றே கொடுப்பது. ஸ்டைமியோ பெரும்பாலும் தானாக நேர்வது. வேண்டுமென்றே பந்தை மறித்து நிறுத்துவது கண்ணியமான ஆட்டமா என்று கிளப்புகளில் காலம் காலமாகச் சண்டை நடந்தது. எனவே எதிர்க்கட்சி மசோதாவை 'ஸ்டைமி' செய்தது என்றால் முட்டுக்கட்டை சரிதான். காவல்துறை 'ஸ்டைமி' ஆகி நிற்கிறது என்றால், துப்புக் கிடைக்காமல் விழிக்கிறது என்று எழுதினால்தான் பொருள் கிட்டும்.

பிரிட்டனில் இதே நிலைமைக்கு இன்னொரு சொல்லும் உண்டு: 'ஸ்னூக்கர்ட்'. அதன் ஊர் நமக்குப் பக்கம். 1875இல் ஜபல்பூர் ராணுவ விடுதியில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி தொடங்கிவைத்த மேசைப்பந்து ஆட்டம் ஸ்னூக்கர். அதன் விதிகளை எழுதி வைத்தது 1882இல் உதகமண்டலம் கிளப்பில். பின்னாளில் பிரதமரான நெவில் சேம்பர்லின் வேறொருவர். பந்தைப் பந்து மறிப்பதுதான் இரண்டு சொற்களுக்கும் அடிப்படை. அமெரிக்கர்கள் கோல்ஃப் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். ஆங்கிலேயர்கள் இரண்டையும் கலந்து புழங்குகிறார்கள்.

வினைச்சொல் கூட்டுகளில் முதலிடம் 'டீ'க்கு. டீக்கடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது ஸ்காட்லாந்தின் பழைய சொல். 1744இல் லீத் நகரத்து ஆட்டக்காரர்கள் எழுதிவைத்த பதின்மூன்று விதிகளில் முதல் விதியே பந்தை எங்கே 'டீ' செய்வது என்பதுதான். மரக்குச்சி வருவதற்கு முன்னால் டீ என்றால் மணல். தொடங்கும் இடத்தில் ஒரு பெட்டியில் மணலும் பக்கத்தில் தண்ணீரும் இருக்கும். ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமக்கும் 'கேடி' ஒரு பிடி மணலை ஈரமாக்கிக் கூம்பு பிடித்து, அதன் உச்சியில் பந்தை உட்கார வைப்பார். ஒவ்வொரு குழிக்கும் இதே வேலை, கையெல்லாம் சேறு. பெட்டி போய்ப் பல காலமாகியும் அந்த இடத்துக்கு 'டீ பாக்ஸ்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தச் சேற்றுக்கு முடிவு கட்டியவர்கள் இரண்டு பல் மருத்துவர்கள். ஒருவர் பாஸ்டனில் வாழ்ந்த கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிராங்க்ளின் கிராண்ட். ஹார்வர்டில் பாடம் நடத்தியவர். 1899இல் மரத்தாலான டீக்குக் காப்புரிமை வாங்கினார். விற்க முயலவில்லை, நண்பர்களுக்குக் கொடுத்ததோடு சரி. அடுத்தவர் நியூ ஜெர்சியின் வில்லியம் லோவல். 1920களில் 'ரெடி டீ' என்று சிவப்புச் சாயம் பூசிய குச்சியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். வால்டர் ஹேகன் போன்ற நட்சத்திரங்கள் அதைப் பிரபலமாக்கினார்கள். கிராண்டின் பங்கை அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் ஏற்றுப் பாராட்ட 1991 ஆயிற்று.

மேலே சொன்ன கேடியின் வேலையை மனத்தில் வைத்துக்கொண்டால் இரண்டு தொடர்களின் வேறுபாடு தானாக விளங்கும். 'டீ அப்' என்பது தயார் செய்து வைப்பது, அதாவது கேடியின் வேலை. 'டீ ஆஃப்' என்பது அடித்துத் தொடங்குவது, ஆட்டக்காரரின் வேலை. அமைச்சருக்கான கேள்விகளை அதிகாரிகள் 'டீ அப்' செய்வார்கள். மாநாட்டை அமைச்சர் 'டீ ஆஃப்' செய்வார். கிரிக்கெட் வர்ணனையில் 'டீ ஆஃப்' என்றால் கால் நகர்த்தலைப் பற்றிக் கவலைப்படாமல் மட்டையை முழு வீச்சில் சுழற்றுவது. 'டீட் ஆஃப்' என்று அமெரிக்கர்கள் கோபத்தைச் சொல்வது மட்டும் வேறு கதை. அது கோல்ஃபிலிருந்து வந்ததா, அச்சில் போட முடியாத கொச்சைச் சொல்லுக்கு மாட்டிய முகமூடியா என்பதில் அகராதிகளுக்குள் ஒற்றுமையில்லை. பட்டியல் போடுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதையும் சேர்த்துவிடுகிறார்கள். 'ஃபாலோ த்ரூ', அதாவது எடுத்த காரியத்தைக் கடைசிவரை கொண்டுசெலுத்துவது, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோல்ஃப், டென்னிஸ் பயிற்சி எழுத்துகளில் தென்படும் தொடர். அதில் கோல்ஃபுக்குப் பங்கு உண்டு, முழு உரிமை இல்லை.

கடன் கணக்கில் தலைமையானது 'பார்'. 1870இல் பிரஸ்ட்விக் மைதானத்தில் பிரிட்டிஷ் ஓப்பன் போட்டி நடந்தபோது, டோல்மன் என்ற கோல்ஃப் எழுத்தாளர் டேவிட் ஸ்டிராத், ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற இரண்டு தொழில்முறை ஆட்டக்காரர்களிடம், பிழையே செய்யாமல் ஆடினால் எத்தனை அடியில் முடிக்கலாம் என்று கேட்டார். அன்று அங்கே இருந்த பன்னிரண்டு குழிகளுக்கு 49 என்றார்கள். பங்குச் சந்தையில் ஒரு பங்கின் முகமதிப்பைப் 'பார்' என்பதுண்டு. டோல்மன் அந்தச் சொல்லை எடுத்து இந்த 49க்கு வைத்தார். அந்த முறை இளைய டாம் மாரிஸ் மூன்று சுற்றுகளில் 149 அடித்துக் கோப்பையை வென்றார். பாரைவிட இரண்டே அடி அதிகம்.

ஆக, 'பிலோ பார்', 'நாட் அப் டு பார்', 'ஆன் எ பார் வித்' எல்லாம் வேறு இடத்துச் சொற்கள், கோல்ஃபின் பாருக்கு மூத்தவை. இதைக் கண்டுபிடிக்க அகராதியைப் புரட்ட வேண்டியதுகூட இல்லை. கோல்ஃபில் பாருக்குக் கீழே முடிப்பவர் கொண்டாடுகிறார். பொதுப் பேச்சில் உடம்பு 'பிலோ பார்' என்றால் சுகமில்லை என்று பொருள். மைதானத்திலிருந்து வந்திருந்தால் பொருள் இப்படித் தலைகீழாக நிற்காது.

'பார் ஃபார் த கோர்ஸ்' மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாத கோல்ஃப் பிள்ளை. 1920களில் உருவகமாகப் பரவத் தொடங்கியது. சொல்லுக்குச் சொல் எடுத்தால் 'இந்த மைதானத்துக்கு இதுதான் கணக்கு' என்பது நல்ல செய்தி. ஆனால் வழக்கில் அது நல்ல செய்திக்கு வருவதில்லை. ரயில் இரண்டு மணி நேரம் தாமதமா, ஒப்பந்தக்காரர் பாதியில் ஓடிவிட்டாரா, பார் ஃபார் த கோர்ஸ். அரசியலில் இதெல்லாம் சாதாரணம் என்று நகைச்சுவை நடிகர் கவுண்டமணி உதிர்த்த புகழ்பெற்ற வசனத்தின் அதே தொனி, தோளைக் குலுக்கும் தொனி. ஒருவர் தேர்வில் முதலிடம் பெற்றதை இந்தத் தொடரால் பாராட்டினால் கேட்பவர் அதைக் குத்தலாகத்தான் எடுத்துக்கொள்வார்.

'போகி' இன்னொரு இரவல். 1890இல் கவென்ட்ரி கிளப்பின் ஹியூ ராதர்ஹாம் ஒவ்வொரு குழிக்கும் ஒரு தரக் கணக்கு வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். கிரேட் யார்மத்தில் இதை எதிர்த்து ஆடிய ஒருவர், அப்போது மேடைகளில் பிரபலமாயிருந்த ஒரு பூச்சாண்டிப் பாட்டை நினைத்து, என்னைத் துரத்துகிற இந்தக் கணக்கு ஒரு 'போகி மேன்' என்று சலித்துக்கொண்டாராம். 1892இல் காஸ்போர்ட் ராணுவ கிளப்புக்கு இது வந்தபோது ஒரு சிக்கல். அங்கே உறுப்பினர் எல்லோருக்கும் ராணுவப் பதவி உண்டு. கண்ணுக்குத் தெரியாத இந்தப் புது உறுப்பினரும் பதவி இல்லாமல் இருக்கலாமா? கர்னல் ஆக்கினார்கள். பிறகு அமெரிக்கா பாரைத் தரமாகப் பிடித்துக்கொள்ள, போகி பாருக்கு ஒன்று அதிகம் என்ற தாழ்ந்த இடத்துக்கு இறங்கிவிட்டது.

அந்தக் கர்னல் பாட்டிலும் வாழ்கிறார். கென்னத் ஆல்ஃபர்ட் என்ற புனைபெயரில் எஃப். ஜே. ரிக்கெட்ஸ் 1914இல் அமைத்த 'கர்னல் போகி' அணிவகுப்பு இசையின் தொடக்கச் சுரங்கள் இரண்டும், பந்து வருகிறது விலகு என்று கத்துவதற்குப் பதிலாக ஒரு கோல்ஃப் ஆட்டக்காரர் அடித்த சீட்டியிலிருந்து வந்தவை என்று சொல்வார்கள். 1957இல் வந்த 'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் க்வாய்' படத்தில் போர்க்கைதிகள் சீட்டியடித்துக்கொண்டு நடந்து வருவது இதைத்தான். படம் பிடித்த இடம் இலங்கையின் கித்துல்கல. கதை நடக்கும் சயாம் மரண ரயில் பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர் மடிந்தார்கள். அந்தப் படத்தில் அவர்கள் கதை இல்லை.

இரவல்கள் இன்னும் உண்டு. 'ஹேண்டிகேப்' தொப்பிக்குள் கைவிட்டு ஆடிய பழைய பண்டமாற்று ஆட்டத்திலிருந்து குதிரைப் பந்தயத்துக்குப் போய், அதன் பிறகே கோல்ஃபுக்கு வந்தது. 'அப் டு ஸ்கிராட்ச்' குத்துச்சண்டைக்காரர்கள் வந்து நிற்க வேண்டிய கோடு. 'கிராண்ட் ஸ்லாம்' பிரிட்ஜ் சீட்டாட்டத்திலிருந்து ஜோன்ஸின் 1930 சாதனைக்காக எடுத்தது. 'சிப் இன்' போக்கர் மேசையில் வில்லைகளைப் போடுவது. 'டயமண்ட் இன் த ரஃப்' பட்டை தீட்டாத வைரம். கோல்ஃப் புல்லுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

'பங்கர்' விஷயத்தில் கோல்ஃபுக்கு நியாயம் செய்ய வேண்டும். பெட்டியையோ பெஞ்சையோ குறித்த ஸ்காட்லாந்துச் சொல்லை மணற்பள்ளத்துக்கு வைத்தவர்கள் கோல்ஃப்காரர்கள். ராணுவப் பதுங்குகுழி என்ற பொருள் அதற்கு நெடுநாள் கழித்து வந்தது. 'கேடி'யின் கதை வேறு மாதிரி. பிரெஞ்சு 'கதே' ஸ்காட்லாந்தில் 'கேடி'யாகி, எடின்பரோ தெருக்களில் எடுபிடி வேலை செய்தவர்களைக் குறித்தது. அதே வேரின் சுருக்கம்தான் 'கேட்': பண்பில்லாதவன், பெண்களிடம் நாணயம் தவறியவன். மூட்டை சுமந்தவனின் பெயரைக் கனவான்கள் தங்களுக்குள் வசைச் சொல்லாக வைத்துக்கொண்டது அந்தச் சமூகத்தைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறது.

அதிர்ஷ்டத்துக்குக் கோல்ஃப் சொல்லும் பெயர் 'ரப் ஆஃப் த கிரீன்'. அடித்த பந்து பறவை மேலோ பார்வையாளர் மேலோ பட்டுத் திசைமாறினால் யாரும் குறை சொல்லக்கூடாது, பட்டது பட்டதுதான் என்ற கொள்கை அது. 'ரப்' என்ற சொல் புல்தரையில் உருண்டை உருட்டும் பவுல்ஸ் ஆட்டத்தினுடையது. ஷேக்ஸ்பியர் காலத்திலேயே தடங்கலுக்கு உருவகமாக வந்துவிட்டது. ஆனால் முழுத் தொடரைச் சட்டமாக்கி வளர்த்தது கோல்ஃப். இன்று எல்பிடபிள்யூ முறையீட்டில் நடுவர் தீர்ப்பு மயிரிழையில் ஓர் அணி பக்கம் சாய்ந்தால், வர்ணனையாளர் வாயில் இதுதான் வரும்.

'மல்லிகன்' அமெரிக்கச் சரக்கு. முதல் அடி சொதப்பினால் நண்பர்கள் 'சரி, இன்னொன்று அடி' என்று விட்டுக்கொடுப்பது. மான்ட்ரியாலின் ஓட்டல்காரர் டேவிட் மல்லிகன் என்றும், நியூ ஜெர்சி கிளப் ஒன்றின் உடைமாற்று அறைப் பணியாளர் மல்லிகன் என்றும் இதன் பிறப்புக்கு இரண்டு கதைகள் சொல்கிறார்கள். பில் கிளிண்டன் தாராளமாக மல்லிகன் எடுப்பார் என்பதால் 'பில்லிகன்' என்ற கேலிப்பெயரே பிறந்தது. நன்கொடை திரட்டும் போட்டிகளில் மல்லிகனை விலைக்கே விற்பார்கள். சொல் அரசியலுக்கும் போயிற்று. 2018இல், டிரம்பின் பழைய தனிவாழ்க்கைச் சர்ச்சைகளைச் சமயப் பிடிப்புள்ள வாக்காளர்கள் எப்படிச் சகிக்கிறார்கள் என்று கேட்டபோது, டோனி பெர்கின்ஸ் என்ற கிறிஸ்தவ அமைப்புத் தலைவர் அவருக்கு ஒரு மல்லிகன் கொடுத்துவிட்டோம் என்ற பொருளில் பதில் சொன்னார். பாவமன்னிப்பு என்று சொல்லியிருந்தால் கனமாக இருந்திருக்கும். மல்லிகன் என்றதும் அது விளையாட்டாகிவிட்டது.

'கிம்மி' இதன் உறவுக்காரன். குழிக்கு அருகில் நிற்கும் பந்தை, போட மாட்டாயா என்ன, எடுத்துக்கொள் என்று எதிராளியே விட்டுக்கொடுப்பது. 1969 ரைடர் கோப்பையின் கடைசி ஆட்டத்தில் அமெரிக்காவின் ஜாக் நிக்லஸ், பிரிட்டனின் டோனி ஜாக்லினின் மூன்றடிக்கும் குறைவான பந்தை அப்படி விட்டுக்கொடுக்க, கோப்பை 16-16 என்று சமனில் முடிந்தது. அவ்வளவு பெருந்தன்மையிலிருந்து பிறந்த சொல்லுக்கு இன்றைய பொருள், உழைக்காமல் கிடைக்கும் மதிப்பெண்.

வெற்றிச் சொற்களோ உள்ளேயே நின்றுவிட்டன. பாருக்கு ஒன்று குறைத்தால் பேர்டி, இரண்டு குறைத்தால் ஈகிள், மூன்று குறைத்தால் ஆல்பட்ராஸ். அழகான பெயர்கள்தான். ஆனால் 'என் வியாபாரம் இந்த வருஷம் ஈகிள்' என்று எந்த ஆங்கிலேயரும் சொல்வதில்லை. காரணம் அந்தப் பெயர்களுக்குள்ளேயே இருக்கிறது. அவை எண்கள், பார் எவ்வளவு என்று தெரியாதவருக்குப் பொருள் தராது. ஸ்டைமியும் மல்லிகனும் நிலைமைகள். மட்டை பிடிக்காதவருக்கும் புரியும். 'ஹோல் இன் ஒன்' மட்டும் அபூர்வமாக வெளியே தலை நீட்டுகிறது, அதுவும் உருவகமாகக் காலூன்றவில்லை. அதேசமயம், கைக்கு வந்த வேலை திடீரென்று வராமல் போகும் நடுக்கத்தைக் குறிக்கும் 'யிப்ஸ்', டாமி ஆர்மர் என்ற ஆட்டக்காரர் பரப்பிய கோல்ஃப் சொல், கிரிக்கெட்டின் சுழற்பந்து வீச்சாளர்கள் வரைக்கும் போய்விட்டது.

பரப்பியவர்கள் யார் என்பதில் மர்மம் இல்லை. 1902 முதல் 1905 வரை பிரிட்டிஷ் பிரதமராயிருந்த ஆர்தர் பால்ஃபர் கோல்ஃப் பித்தர். 1922இல் 'த கிளிக்கிங் ஆஃப் கத்பர்ட்' தொகுப்பை எழுதிய பி. ஜி. வுட்ஹவுஸ், கோல்ஃபே ஆடாத வாசகர்களையும் சிரிக்க வைத்தார். அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் 1954இல் வெள்ளை மாளிகைப் புல்வெளியிலேயே ஒரு கிரீன் போட்டுக்கொண்டார். முதலாளியும் அமைச்சரும் ஆடும் ஆட்டத்தின் பேச்சு, கீழே உள்ள அலுவலகங்களில் குறிப்புகளாகவும் கடிதங்களாகவும் இறங்கியது. கால்பந்தின் சொற்கள் தெருவிலிருந்து மேலே ஏறின. கோல்ஃபின் சொற்கள் மேலேயிருந்து கீழே வந்தன.

விதிப் புத்தகம் இவர்களைப் பின்தொடரவில்லை. ஸ்டைமியை 1952இல் நீக்கிவிட்டார்கள். 'ரப் ஆஃப் த கிரீன்' என்ற தொடர் 2019 திருத்தத்தோடு போய்விட்டது. மல்லிகனுக்கு எந்தக் காலத்திலும் அதில் இடம் கிடையாது.